ஆர்வி-7 விமானக் கிட்: தகட்டு வேலைக்கு முழு மதிப்பெண், கண்ணாடி இழைக்குப் பாதி

வீட்டிலேயே விமானம் கட்டிக்கொள்ளப் பாகங்களாக விற்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்டின் ஆர்வி-7 கிட்டை வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் எதற்காகப் புகழ்கிறார்கள், எதைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அலுமினியத் தகட்டு வேலை வரைக்கும் இதற்கு ஈடான கிட் அரிது. கேனப்பி (காக்பிட்டின் ஒளி ஊடுருவும் கூரை), எஞ்சின் மூடி, வயரிங் என்று வந்ததும் அதே நிறுவனம் "இனி உங்கள் சாமர்த்தியம்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி விளம்பரத்தில் யாரும் பேசுவதில்லை.

நிறுவனம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், அரோரா விமானநிலையத்தில் இருக்கிறது. ரிச்சர்ட் வேன்க்ரன்ஸ்வன் 1973-இல் தொடங்கியது. வீட்டு கராஜிலும் வாடகை ஹேங்கரிலும் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்த ஆர்வி விமானங்கள் 11,000-ஐத் தாண்டிவிட்டன. ஆர்வி-7 இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மாடல். ஆர்வி-6-க்குப் பதிலாக 2001-இல் வந்தது. இறக்கை விரிவு 25 அடி. அதிகபட்ச எடை 1,800 பவுண்டு. இரண்டு டாங்கிலும் சேர்த்து 42 கேலன். 150 முதல் 200 குதிரைத்திறன் வரையுள்ள லைக்கமிங் எஞ்சின் பொருந்தும். வால் சக்கரம் வைத்தால் ஆர்வி-7, மூக்குச் சக்கரம் வைத்தால் 7ஏ. 7ஏ-வின் பழைய மூக்குச் சக்கர அமைப்பு மென்மையான புல்தரையில் மடங்கி விமானம் கவிழ்ந்த சம்பவங்கள் உண்டு. பிறகு வடிவத்தை மாற்றினார்கள். பழைய கிட்டை யாரிடமாவது வாங்கினால் மூக்குக் கால் எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள்.

கிட் நான்கு தவணையாக வரும்: வால், இறக்கை, உடல், கடைசியாக ஃபினிஷ் கிட். எஞ்சின், புரொப்பெல்லர், கருவிகள், வயர், சீட் உறை, பெயின்ட் எதுவும் இதில் சேராது. பறக்கும் நிலைக்கு வருவதற்குள் ஆகும் மொத்தச் செலவில் நான்கு கிட்டுகளின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் வரும். கருவிப் பலகைக்கு ஆசைப்பட்டால் அதற்கும் கீழே போகும். விலைப்பட்டியலைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று சந்தோஷப்படுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வால் கிட்டை மட்டும் முதலில் வாங்குங்கள். இதில் மறுபேச்சே இல்லை. அதற்கும் முன்னால், நிறுவனம் விற்கும் சின்னப் பயிற்சிக் கிட் ஒன்றை வாங்கிக் கெடுத்துப் பாருங்கள். ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) அடிக்கும் சத்தமும் பிசிறு எடுக்கும் சலிப்பும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது இறக்கைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் தெரிந்துவிட வேண்டும்.

பெட்டி வந்ததும் முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு பாகத்திலும் எண் ஒட்டியிருக்கும். பட்டியலோடு ஒத்துப் பார்த்து, குறைந்தால் அப்போதே எழுதிக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு சின்ன பிராக்கெட் காணவில்லை என்றால் பெட்டியில் வரவில்லையா, உங்கள் பட்டறையில் தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ரிவெட்டுகள் பழுப்புக் காகிதப் பைகளில் வரும். அவற்றை மூடி போட்ட டப்பாக்களுக்கு மாற்றி நீளவாரியாகப் பெயர் எழுதுங்கள். 3/32 அங்குல ரிவெட்டில் நீள எண் 3-க்கும் 3.5-க்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. கலந்துவிட்டால் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும்.

தகடுகள்மேல் நீல நிற வினைல் ஒட்டியிருக்கும். கீறல் படாமல் காப்பது அதுதான் என்பதால் முழுவதும் உரிக்க மனம் வராது. நுனி மழுங்கிய சால்டரிங் அயனை ரிவெட் வரிசைக்கு இருபுறமும் லேசாக இழுத்து, அந்தப் பட்டையை மட்டும் உரிப்பது நல்ல வழக்கம். அயனைக் கூர்மையாக வைத்தால் தகட்டில் கோடு விழும். அந்தக் கோட்டிலிருந்து விரிசல் கிளம்பும். வினைலை வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பதும் தப்பு. பசை இறுகிப்போவதோடு, ஈரம் உள்ளே புகுந்தால் அடியில் அரிப்பு கோலம் போட்டுவிடும்.

இந்தக் கிட்டின் உண்மையான மதிப்பு துளைகளில் இருக்கிறது. தோல் தகடு, விலா, ஸ்பார் (இறக்கையின் நீளவாட்டு முதுகெலும்பு) மூன்றிலும் துளைகள் தொழிற்சாலையிலேயே இடம் தவறாமல் குத்தி வருகின்றன. மூன்றையும் சேர்த்துக் கிளீகோ (தற்காலிகமாகப் பிடிக்கும் ஸ்பிரிங் பூட்டு) பூட்டினால் இறக்கை தானாகவே நேராக நிற்கும். முந்தைய தலைமுறைக் கிட்டுகளுக்குத் தேவைப்பட்ட பெரிய சாரம், நூல் கட்டி அளப்பது எல்லாம் இங்கே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஆர்வி-7-இல் குத்திய துளை இறுதி அளவு இல்லை. கிளீகோ பூட்டிய நிலையில் 3/32 ரிவெட்டுக்கு 40-ஆம் எண் டிரில் பிட்டாலும், 1/8 ரிவெட்டுக்கு 30-ஆம் எண் பிட்டாலும் ஒரு முறை ஓட்ட வேண்டும். பிட்டுக்குப் பதில் ரீமர் (துளையைச் சுரண்டிச் சீராக்கும் கருவி) போட்டால் துளை வட்டமாக வரும், பிசிறும் குறையும். இந்தக் கூடுதல் வேலை வேண்டாம் என்பவர்களுக்குப் பின்னால் வந்த ஆர்வி-14 இருக்கிறது. அதில் பெரும்பாலான துளைகள் இறுதி அளவிலேயே வரும். விலையும் அதற்கேற்ப.

துளைத்ததும் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும். பிசிறு எடுக்கும் பிட்டைக் கையால் ஒன்றிரண்டு சுற்று சுற்றினால் போதும். அழுத்திச் சுற்றினால் துளையின் விளிம்பு சரிந்து, மெல்லிய தகட்டில் ரிவெட் பிடிக்க உலோகமே இல்லாமல் போகும். தகட்டின் ஓரங்களுக்கு அரம், பிறகு ஸ்காட்ச்-பிரைட் சக்கரம். விரல் நகத்தை ஓரத்தில் ஓட்டினால் எங்கும் மாட்டக்கூடாது. இந்த விமானத்தின் வேலை நேரத்தில் பெரும்பங்கைத் தின்பது ரிவெட் அடிப்பது அல்ல. இந்தப் பிசிறு வேலைதான்.

அடுத்தது டிம்பிள். ரிவெட் தலை தகட்டோடு மட்டமாக உட்காரத் துளையைச் சுற்றிக் குழியாக அழுத்துவது. 0.032 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள தகட்டை டிம்பிள் செய்யலாம்; ஸ்பார் விளிம்பு போன்ற தடித்த பாகங்களைக் கவுன்ட்டர்சிங்க் பிட்டால் குடைய வேண்டும். டிம்பிள் செய்த தோல், குடைந்த ஸ்பார்மேல் உட்காரும் இடங்களில் ரிவெட் தலைக்குத் தேவையான ஆழம் போதாது. தோலின் குழியும் உள்ளே போக வேண்டுமே. குடையும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோஸ்டாப் கூண்டில் சுமார் ஏழு கிளிக், அதாவது 0.007 அங்குலம் கூடுதலாக இறக்குங்கள். ஒரு துண்டுத் தகட்டில் டிம்பிள் போட்டு, அதை வைத்துப் பார்த்த பிறகே ஸ்பாரில் கை வைக்க வேண்டும். டிம்பிளுக்குச் சுத்தியலால் அடிக்கும் சி-ஃபிரேமும் வேலை செய்யும். நெம்புகோலால் அழுத்தும் டிஆர்டிடி-2 வகைக் கருவி விலை கூடினாலும், அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டுமென்றால் அதுதான் வழி. எதை எடுத்தாலும் டை (அழுத்தும் அச்சு) முழுமையாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக அழுத்திய டிம்பிளைச் சுற்றித் தகடு தொய்ந்திருக்கும். பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

ரிவெட்டின் நீளம் கணக்கு எளிது: சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிமன், அதோடு ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. இரண்டு 0.032 தகட்டை 1/8 ரிவெட்டால் சேர்த்தால் 1/16 கூட்டல் 3/16, ஆக கால் அங்குலம். நீளம் பதினாறில் ஒரு பங்குக் கணக்கில் எழுதப்படுவதால் பட்டியலில் அதன் பெயர் ஏஎன்470ஏடி4-4. அடித்த பிறகு பின்பக்கம் உருவாகும் தலையின் விட்டம் ரிவெட்டின் ஒன்றரை மடங்காகவும், உயரம் பாதியாகவும் இருக்க வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு விட்டம் 3/16, உயரம் 1/16. சின்ன கேஜ் ஒன்று வாங்கி ஏப்ரன் பையிலேயே போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கெடும்? ரிவெட் அடிக்கும் காற்றுத் துப்பாக்கியின் அழுத்தம் குறைவாக இருந்தால் பத்துப் பதினைந்து அடி வாங்கி ரிவெட் இறுகிப்போய்த் தலை சாயும். கூடினால் தகடு பள்ளமாகும். 3/32 ரிவெட்டுக்கு 30 முதல் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் தொடங்கி, உங்கள் துப்பாக்கிக்கு எது சரி என்று பழைய தகட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள். உருண்டைத் தலை ரிவெட்டில் துப்பாக்கி முனையின் கப் சறுக்கினால் பிறை வடிவில் வெட்டு விழும். பின்பக்கம் முட்டுக் கொடுக்கும் பக்கிங் பார் கனமாக, டங்ஸ்டனில் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். விலையைப் பார்த்துத் தயங்குவார்கள். இந்தப் பட்டியலில் பணத்துக்கு மிக அதிகமாகத் திருப்பித் தருவது அந்த ஒரு துண்டு உலோகம்தான். கெட்ட ரிவெட்டை எடுக்க, தலையின் நடுவில் இருக்கும் குழியில் 40-ஆம் எண் பிட்டை வைத்துத் தலையின் ஆழத்துக்கு மட்டும் துளைத்து, பின் பஞ்சால் தலையைச் சாய்த்து உடைத்து, பின்பக்கம் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்க வேண்டும். ஆழமாகத் துளைத்தால் துளை பெரிதாகி, அங்கே அடுத்த அளவு ரிவெட் போட வேண்டிவரும். சுமாரான ரிவெட்டை எடுக்கப் போய்த் தகட்டைக் கெடுப்பதைவிட அதை அப்படியே விடுவது பல சமயம் நல்லது. வேன்ஸின் தொழில்நுட்ப உதவியாளர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள்.

வாலில் கவனம் தேவைப்படும் இடம், விமானத்தை இடம் வலம் திருப்பும் ரடரின் பின் ஓரம். ஆப்பு வடிவ அலுமினியப் பட்டையின் இருபுறமும் தோலை வைத்து, இரண்டு பக்கமும் மட்டமாக இருக்கும்படி ரிவெட் அடிக்க வேண்டும். வரிசையாக ஒரு முனையிலிருந்து அடித்துக்கொண்டே போனால் ஓரம் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். முதலில் சீலண்ட் (இறுகும் அடைப்புப் பசை) தடவி, நேரான அலுமினிய ஆங்கிளோடு கிளீகோ பூட்டி, சில நாட்கள் காயவிடுங்கள். பிறகு நடுவில் ஒன்று, முனையில் ஒன்று என்று சிதறலாக, முதல் சுற்றில் பாதி மட்டும் அடித்து, திருப்பிப் போட்டு முடிக்க வேண்டும். 0.1 அங்குலத்துக்கு மேல் நெளிவு இருந்தால் விமானம் பறக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரில் வேறு சிக்கல்: உள்ளே இருக்கும் விறைப்புப் பட்டைகளின் முனை, பின் ஓர மடிப்புக்கு அருகில் அதிர்ந்து அதிர்ந்து தோலை வெடிக்கச் செய்யும். மடிப்பதற்கு முன் ஒவ்வொரு முனையிலும் ஒரு பொட்டு ஆர்டிவி சிலிக்கோன் வைப்பது அதற்காகத்தான். மடித்த பிறகு ஞாபகம் வந்தால் கை உள்ளே போகாது.

அரிப்பைத் தடுக்கும் பிரைமர் அடிப்பதா வேண்டாமா என்பது கட்டுபவர்களுக்குள் தீராத சண்டை. ஆல்க்ளாட் தகட்டுக்கு மேலே தூய அலுமினியப் படலம் இருக்கிறது; வறண்ட ஊரில் ஒட்டும் பரப்புகளுக்கும் கீறல் பட்ட இடங்களுக்கும் அடித்தால் போதும். கடலோரத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் உள்ளே முழுக்க எப்பாக்ஸி பிரைமர் அடியுங்கள், சில பவுண்டு எடை கூடினாலும் பரவாயில்லை.

இறக்கைக் கிட்டில் எல்லோரும் பயப்படுவது பெட்ரோல் டாங்க். பயம் நியாயம்தான், செய்முறை கடினமில்லை, அருவருப்பானது. இறக்கையின் முன் ஓரமே டாங்க். பக்கத்துக்கு 21 கேலன். சீலண்டைத் துல்லியமான டிஜிட்டல் தராசில் எடை போட்டு 10-க்கு 1 என்று கலக்க வேண்டும். கண்ணளவு கூடாது. பி-2 வகை என்றால் கையில் இருக்கும் நேரம் இரண்டு மணி. சூடான ஹேங்கரில் அதுவும் குறையும். ஆகவே ஒரு முறைக்கு ஒன்றிரண்டு விலாவுக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். ஒட்டும் பரப்பு இரண்டையும் ஸ்காட்ச்-பிரைட்டால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துடைத்து, அதன்பின் வெறுங்கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுகும் டாங்குகளில் சீலண்ட் குறைவாகப் போட்டவற்றைவிடச் சரியாகத் துடைக்காதவையே அதிகம். சீலண்ட் தடவி, ஈரத்திலேயே ரிவெட் அடித்து, உள்ளே ஒவ்வொரு ரிவெட் முனைமேலும் ஒரு குமிழ் வைத்து, விலாவின் ஓரம் நெடுக வரப்புப் போடுங்கள். பின்தகட்டை மூடிய பிறகு உள்ளே பார்க்க வழியில்லை; ஒழுக்கு வந்தால் பெரும்பாலும் அந்தப் பின்தகடும் ஓர விலாவும் சந்திக்கும் மூலையில்தான் வரும். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

சோதனைக்கு 1 பிஎஸ்ஐ-க்கு மேல் காற்று ஏற்றாதீர்கள். கம்ப்ரஸரை நேராக மாட்டி டாங்கை உப்பவைத்தவர்கள் உண்டு. ஒளி ஊடுருவும் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி, இரண்டு பக்க மட்டத்துக்கும் வித்தியாசம் 27 அங்குலம் வரும் அளவுக்கு ஏற்றினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. சோப்புத் தண்ணீரைத் தடவிக் குமிழ் வருகிறதா பாருங்கள். பலூன் மாட்டிப் பார்ப்பதும் நடக்கும். சாயங்காலம் குளிர்ந்ததும் பலூன் சுருங்குவதை ஒழுக்கு என்று நினைத்து டாங்கைப் பிரித்துவிடாதீர்கள்.

உடல் கிட்டிலும் தகட்டு வேலை இதே தரம். ஆனால் கையேடு இங்கிருந்து மெலிந்துபோகிறது. வாலுக்கு ஒவ்வொரு படியும் சொன்னவர்கள், உடலுக்கு வந்ததும் வரைபடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆர்வி-14, ஆர்வி-12 கையேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் படமும் எண் போட்ட படிகளும் உண்டு. ஆர்வி-7-க்கு எழுத்து ஒரு பக்கம், பெரிய வரைபடத் தாள்கள் இன்னொரு பக்கம். வரைபடத்தின் மூலையில் இருக்கும் சின்னக் குறிப்பைப் பார்க்காமல் ரிவெட் அடித்து, பிறகு உள்ளே வர வேண்டிய பிராக்கெட்டுக்காக எடுப்பது வாடிக்கை. எதையும் மூடுவதற்கு முன்னால் அந்தப் பாகம் வரும் எல்லாத் தாள்களையும் ஒரு முறை புரட்டுங்கள்.

இறக்கையை உடலோடு பொருத்தும் நாள்தான் ஹேங்கர் கட்டாயம் வேண்டிய நாள். அதுவரை இரண்டு கார் நிற்கும் கராஜ் போதும். முன் ஸ்பாருக்கு இறுக்கமான அளவு போல்ட். சோதனையாகப் பொருத்தும்போது அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், கொஞ்சம் சின்ன சாதாரண போல்ட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் இரண்டு இறக்கைகளின் முன் ஓரத்திலிருந்து பக்கத்துக்கு இரண்டாக நான்கு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நான்கு நூலும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை சரிசெய்ய வேண்டும். இறக்கையின் சாய்வுக் கோணம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று டிஜிட்டல் மட்டத்தால் பார்க்க வேண்டும். எல்லாம் ஒத்துவந்த பிறகே பின் ஸ்பாரில் 5/16 துளை போட வேண்டும். துளையின் மையத்திலிருந்து எந்த ஓரத்துக்கும் 5/8 அங்குலம் குறையக்கூடாது. கிட்டில் அளவுக்கு மீறித் துல்லியம் எதிர்பார்க்கும் துளை இது ஒன்றுதான். அதைத் தொழிற்சாலை குத்தித் தருவதில்லை. அவசரப்பட்டு ஓரம் குறைந்துபோனால் பின் ஸ்பாரையே மாற்றும் வேலையாகிவிடும்.

இனி ஃபினிஷ் கிட். பெயர்தான் ஃபினிஷ்.

கேனப்பி ஒரே பெரிய அக்ரிலிக் குமிழாக வரும். முன்னால் கீல் வைத்துத் திறக்கும் வகை, பின்னால் சறுக்கும் வகை என இரண்டு உண்டு; எதை எடுத்தாலும் குமிழை நடுவில் ஒரு முறை இரண்டாக வெட்டியே ஆக வேண்டும். குளிரில் அக்ரிலிக் கண்ணாடிபோல் உடையும். ஹேங்கர் 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். ஹீட்டர் போட்டு, குமிழே சூடாகும்வரை காத்திருங்கள். ரம்பம் வேண்டாம், வெட்டும் டிஸ்க் போதும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் கீறல் மறையும்வரை தேய்க்க வேண்டும். ஒரு சின்னப் பல் மிச்சம் இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். உலோகம் துளைக்கும் பிட் அக்ரிலிக்கைக் கவ்வி இழுத்துப் பிளக்கும். பிளாஸ்டிக்குக்கென்று கூர்மாற்றிய பிட் தனியாக விற்கிறது. ஸ்க்ரூ துளையை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகப் போட்டு, விரிந்து சுருங்க இடம் விடுங்கள். அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஸ்க்ரூவே இல்லாமல் சிகாஃப்ளெக்ஸ் பசையால் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். அதற்கு பிரைமரும் பரப்புத் தயாரிப்பும் பிசகாமல் செய்ய வேண்டும்; செய்தால் விரிசல் கவலை வெகுவாகக் குறைகிறது.

எஞ்சின் மூடிக்கு வேன்ஸ் தரும் கண்ணாடி இழைப் பாகம் உறுதியானது, எடை குறைவானது. மேற்பரப்பு முழுக்க ஊசித்துளை. மெல்லிய எப்பாக்ஸியை ரப்பர் துண்டால் இழுத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி நிரப்பி என்று பல சுற்று போகும். புரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் கூம்பான ஸ்பின்னருக்கும் மூடிக்கும் இடையில் கால் அங்குல இடைவெளி விடுங்கள். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நாள்பட அமுங்கும் என்பதால், பொருத்தும்போது ஸ்பின்னரை மூடியைவிடச் சற்று மேலே வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் மட்டமாக வைத்தால் ஒரு வருடத்தில் ஸ்பின்னர் தாழ்ந்து நிற்கும். இறக்கை முனை, வால் முனை, சக்கர உறை எல்லாமே இதே தேய்ப்பு. தகட்டில் இவ்வளவு கச்சிதம் காட்டும் நிறுவனம் இழைப் பாகங்களில் ஏன் இப்படி விட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தேய்ப்பிலும் தோன்றும்.

எஞ்சின் பக்கமும் வயரிங்கும் உங்கள் தேர்வுகளைப் பொறுத்தவை, அதனால் கிட்டைக் குறை சொல்ல முடியாது. வீட்டு வயரைப் போடாதீர்கள்; பிவிசி உறை எரிந்தால் வரும் புகை காக்பிட்டில் உட்கார விடாது. டெஃப்செல் உறை வயர், முறையான கிரிம்ப் கருவி. நட், போல்ட்டில் ஏஎன்3-க்கு 20 முதல் 25, ஏஎன்4-க்கு 50 முதல் 70 அங்குல-பவுண்டு முறுக்கு. நைலான் நட்டின் உராய்வை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். போல்ட் சுழலும் இணைப்புகளில் நைலான் நட் கூடாது, காட்டர் பின் போட்ட கோட்டை நட்தான். முறுக்கிய ஒவ்வொன்றிலும் டார்க் சீல் என்னும் வண்ணப் பசையால் கோடு போட்டால் பிறகு எது விட்டுப்போனது என்று ஒரு பார்வையில் தெரியும்.

கருவிகளுக்குச் சில ஆயிரம் டாலர் ஒதுக்குங்கள். துப்பாக்கி, ரிவெட்டை நெரித்துப் பூட்டும் ஸ்க்வீசர், டிம்பிள் கருவி, 20 கேலனாவது கொள்ளும் கம்ப்ரஸர், சில நூறு வெள்ளி நிறக் கிளீகோ, நூறைத் தாண்டிச் செம்பு நிறத்தில். கிளீகோவைப் பழையதாக வாங்கலாம், டிம்பிள் டையை வேண்டாம். மேசைக்கு, வீட்டில் விமானம் கட்டுபவர்களின் இஏஏ சங்கக் கிளை ஒன்று வெளியிட்ட 2 அடிக்கு 5 அடி மர மேசையின் வரைபடம் போதும். இரண்டு செய்தால் சேர்த்தும் பிரித்தும் வைக்கலாம். அமெரிக்க விமானநிலையங்களில் ஹேங்கரை வாடகைக்கு எடுத்துக் கட்டுவதை முன்பு சில நிர்வாகங்கள் தடுத்தன. வீட்டில் செய்யும் விமானத்தைக் கட்டுவதும் விமானம் சார்ந்த பயன்பாடே என்று அமெரிக்க விமானத்துறை ஆணையமான எஃப்ஏஏ-வின் கொள்கை 2017 ஜூலையிலிருந்து சொல்கிறது. அரசு நிதி பெறும் நிலையத்தில் யாராவது மறுத்தால் அதைக் காட்டுங்கள்.

நிறுவனத்தின் நிலை பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. ஆர்டர்கள் குவிந்ததால் 2022 முதல் 2023 நடுப்பகுதி வரை பல பாகங்களைக் குத்தும் இயந்திரத்துக்குப் பதில் லேசரால் வெட்டி அனுப்பினார்கள். லேசர் தொடங்கி முடிந்த இடத்தில் துளையின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு நின்றுவிட்டது. டிம்பிள் போட்டபோது அங்கிருந்து விரிசல் விட்டது. மாற்றுப் பாகங்கள், ஏறிய சரக்குச் செலவு, பழைய விலையில் எடுத்த ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்து 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2024-இல் மீண்டு வந்தது. கையில் ஆர்டர் வைத்திருந்தவர்கள் கூடுதல் விலை கட்ட வேண்டியிருந்தது. இப்போது அனுப்புவது குத்திய பாகங்கள்தான். ஆனாலும் முன்பணம் கட்டும்போது ஒரு கிட்டுக்கு மட்டும் கட்டுங்கள், அது கைக்கு வந்த பிறகு அடுத்தது.

பாதி கட்டி வரும் குவிக்-பில்ட் கிட் உண்டு. இறக்கையும் உடலும் பெரும்பகுதி ரிவெட் அடித்து வரும். டாங்க் வேலையும் முடிந்திருக்கும். ஆயிரத்து ஐந்நூறு முதல் இரண்டாயிரம் மணி நேரம் பிடிக்கும் வேலையில் கணிசமாகக் குறையும். குறைவது முழுக்கத் தகட்டு வேலை, அதாவது இந்தக் கிட்டின் இன்பமான பாதி. இழையும் வயரும் அப்படியே உங்களுக்குத்தான். பணத்தைவிட நேரம் அருமையாக இருப்பவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரணக் கிட்டே சரி.

பாதியில் விட்ட ஆர்வி-7 கிட்டுகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கப் போனால் வேன்ஸ் ரசீதுகளின் தேதியைக் கேளுங்கள். 2022, 2023 என்றால் லேசர் பாகங்களின் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள், டிம்பிள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வால் முடிந்திருந்தால் கிடைமட்ட வாலின் முன் ஸ்பார் பற்றி 2014-இல் வந்த சர்வீஸ் புல்லட்டினில் (நிறுவனத்தின் பழுது அறிவிப்பு) சொன்னதைச் செய்திருக்கிறார்களா, ரடர் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாங்கை நீங்களே காற்று ஏற்றிச் சோதியுங்கள். முந்தையவர் எழுதிய கட்டுமானக் குறிப்பேடும் படங்களும் கட்டாயம் கூடவே வர வேண்டும். விமானத்தின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் தொழில்முறை அல்லாதவர்கள் என்று எஃப்ஏஏ ஆய்வாளருக்குக் காட்ட அவைதான் சான்று. அவை இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.